கெரும்பல் என்று எழுதிய பெட்டி

நம் வயதுக்காரர்களைக் கேட்கிறேன். எண்பதுகளில் உங்கள் வீட்டில் குடை உடைந்தால் எங்கே போனது? எறிந்திருக்க மாட்டீர்கள். துணி கிழிந்து, கம்பி பிதுங்கி, ஒரு பக்கம் செத்த காக்காய் மாதிரி தொங்கினாலும் அது பரணில் ஏறியிருக்கும். பக்கத்தில் மூடி இல்லாத கூஜா, ஓடாத கடிகாரம், அடி தேய்ந்த ஈயச்சட்டி. எல்லோர் வீட்டிலும் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு உங்கள் வீட்டில் ஒரு பெயர் இருந்ததா? தட்டுமுட்டு என்பீர்கள், கண்டான் முண்டான் என்பீர்கள். எங்களுக்கு இருந்தது ஒரு ஜெர்மன் வார்த்தை.

கெரும்பல்.

சரியான உச்சரிப்பு வேறு. நடுவில் உதட்டைக் குவித்து ஊத வேண்டும், எங்கள் ஊரில் யாருக்கும் அது வரவில்லை. நல்லம்பள்ளி தாண்டி, சேலம் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில், ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு சிஸ்டர் இருபது வருஷமாக நர்ஸாக இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு கொட்டகை. ஒரு நாள் கோபத்தில் பச்சை எனாமல் பெயிண்டை எடுத்து, அதன் கதவில் அந்த வார்த்தையைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டார். நடுவில் ஒரு எழுத்தின் தலையில் இரண்டு பொட்டு. அந்த இரண்டு பொட்டை வைத்தே நான் அந்த வார்த்தையை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அஞ்சாம் வகுப்பு முடித்திருந்தேன். தர்மபுரி ஜில்லாவில் ஜெர்மன் படிக்கத் தெரிந்த ஒரே சிறுமி நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைதான் என்றாலும் ஜெர்மன் ஜெர்மன்தானே.

வார்த்தை கொட்டகையோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த பொம்பளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். டீக்கடைக்காரர் உடைந்த பெஞ்சைக் கெரும்பல் என்றார். சொன்ன பேச்சைக் கேட்காத மருமகளை ஒருத்தி அப்படித் திட்டியதையும் கேட்டிருக்கிறேன்.

உள்ளே என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? சக்கரம் இல்லாத ஸ்ட்ரெச்சர். சல்லடையாகிப் போன எனாமல் பேசின்கள். மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்து ஒரு நாள் நின்றுபோன பிரிட்ஜ். பால் பவுடர் டின்கள் கூரை வரைக்கும். கிறிஸ்துமஸ் குடிலுக்கான ஒட்டகம், தலை கிடையாது. காலொடிந்த இரும்புக் கட்டில் நாலு. கதவைத் திறந்ததும் துருவும் டெட்டாலும் எலிப்புழுக்கையும் கலந்து ஒரு நெடி மூக்கில் ஏறும். எனக்கு அது பிடிக்கும், இப்போதும் பழைய இரும்புக் கடையைத் தாண்டினால் அரை நிமிஷம் மெதுவாக நடப்பேன்.

கொட்டகைச் சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒரு முறை வருவார். வீட்டில் அம்மா, நான், தம்பி.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இளம்பிள்ளை வாதம். கையை ஊன்றி, பிட்டத்தைத் தூக்கி, நகர்ந்து நகர்ந்துதான் போவான். வேகமாகப் போவான், கோழியைக்கூடத் துரத்துவான். ஆனால் உயரமான வாசல்படி வந்தால் நின்றுவிடுவான். கொட்டகைக்குப் படி உயரம், முழங்கால் அளவு. நான் உள்ளே போய் ஒவ்வொரு சாமானாகக் கத்திச் சொல்வேன், அவன் படிக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். ஒட்டகத்துக்குத் தலை எங்கே போச்சு என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்குவான்.

அந்த ஜூனில் அவனை ஒன்றாவதில் சேர்க்க வேண்டும். ஹெட்மாஸ்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஆறு படி. தூக்கிவிட ஆள் கிடையாது. நடந்து வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், இல்லையென்றால் வீட்டிலேயே அக்கா சொல்லித்தரட்டும். கெட்ட மனுஷர் இல்லை அவர். அந்தக் காலத்தில் அப்படித்தான் பேசினார்கள், நாமும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

சிஸ்டர் மட்டும் தலையாட்டவில்லை. பொங்கல் முடிந்த கையோடு தம்பியைக் காகிதத்தில் படுக்கவைத்து, இடது காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார். நூலால் அளந்தார். அதை மடித்து ஜெர்மனிக்கு அனுப்பினார். ‘கால் வருமுங்க’ என்று தம்பியிடம் சொன்னார். தம்பி தினமும் வாசலைப் பார்த்தான். கால் நடந்து வரும் என்று நினைத்தானோ என்னவோ.

சிஸ்டரின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நோயாளிகளிடம் கற்றுக்கொண்ட தமிழ். வீடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை, வூடுதான். மரியாதை தவறிவிடுமோ என்று எல்லோருக்கும் ங்க போடுவார். குழந்தைக்குப் போடுவார், ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கோழிக்கும் போடுவார். ‘கோழிங்களா, கொஞ்சம் வெளிய போங்க.’

அவருக்கும் அம்மாவுக்கும் சனிக்கிழமைதோறும் ஒரு சண்டை. சண்டை என்றால் சத்தம் இருக்காது. சிஸ்டர் சாக்பீஸோடு கொட்டகைக்குள் போய், எறிய வேண்டிய ஒவ்வொன்றின் மேலும் அந்த ஜெர்மன் வார்த்தையை எழுதுவார். எழுதினால் அதற்குத் தீர்ப்பு எழுதியாயிற்று, வெளியே போக வேண்டும். அம்மா பின்னாலேயே போய், சிஸ்டர் திரும்பாத நேரம் பார்த்து முந்தானையால் துடைத்துவிடுவாள். அடுத்த சனிக்கிழமை அதே பேசின் அதே இடத்தில் இருக்கும்.

ஒரு தரம் சிஸ்டர் பிடித்துவிட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தப் பேசினையே பார்த்தார்.

“இவங்க போன வாரமே செத்துட்டாங்களே. எப்படி வந்தாங்க?”

“மூணாம் நாள் உயிர்த்துட்டாங்க சிஸ்டர்” என்றாள் அம்மா, முகத்தை மாற்றாமல்.

சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

எனக்கு அம்மா மேல் கோபம். படித்த பிள்ளை அல்லவா நான். ஒழுங்கு, சுத்தம், பாடப்புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. ஓட்டை டின்னைக்கூட விடாத கஞ்சத்தனம் எங்கிருந்து வந்தது இவளுக்கு என்று நினைப்பேன். என்னிடம் ஒரு நாள் சாவி வந்தால் சிஸ்டர் எழுதியதை அப்படியே நிறைவேற்றிக் காட்டுவேன் என்று சபதம் வேறு.

வந்தது. மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. சிஸ்டர் காலையிலேயே சாக்பீஸ் வேலையை முடித்துவிட்டு மருந்து வாங்க ஜீப்பில் சேலம் போனார். அம்மா துடைக்க முந்தானையை எடுப்பதற்குள் கட்டை வண்டியில் ஒரு பிரசவம் வந்துவிட்டது. பதினொரு மணிக்கு ரோட்டில் மணிச்சத்தம். பழைய இரும்புக்காரர். இரண்டு சக்கரத் தள்ளுவண்டி, அதில் ஒரு பக்கம் தராசு, ஒரு பக்கம் தகர டின்னில் பேரீச்சம்பழம். உங்களுக்கு நினைவிருக்கும், கொட்டையெல்லாம் நசுங்கி ஒரே கட்டியாக ஒட்டிக்கிடக்குமே, கத்தியால் செதுக்கிக் காகிதத்தில் வைத்துத் தருவார்களே, அதுதான். நாம் எத்தனை நல்ல சாமானை அதற்குப் போட்டிருக்கிறோம்!

அம்மா பிரசவ அறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, சாவியை என் கையில் போட்டாள். “சிஸ்டர் எழுதினதை மட்டும் போடு. வேற எதையும் தொடாதே.”

எழுதியதை மட்டும் போட்டேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஒரு பேசின், இரண்டு டின், ஒரு கட்டில் சட்டம். அப்புறம் வெளியே பார்த்தால் கொட்டகை வாசலில், பால் பவுடர் மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு மரப்பெட்டி. மேலே அதே வார்த்தை. சாக்பீஸ்கூட இல்லை, கறுப்புப் பெயிண்ட். இரண்டு பொட்டும் சரியாக இருந்தன. சிஸ்டர் இந்தத் தடவை அம்மாவால் துடைக்க முடியாதபடி எழுதிவிட்டார் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். பெட்டி ஓரத்தில் ஆணியில் ஒரு துண்டுச் சணல் தொங்கியது. அதில் ஏதோ அட்டை கட்டியிருந்து அறுந்திருக்கிறது. அது இப்போது தெரிகிறது. அப்போது கண் அந்த எழுத்தைத் தாண்டிப் போகவில்லை.

இரும்புக்காரர் கடப்பாறையால் மூடியை நெம்பினார். மேலே துருப்பிடித்த கதவுக் கீல்கள், வளைந்த ஸ்பூன், கசங்கிய காகிதம். அடியில் தோல் பட்டைகளோடு இரண்டு நீளக் கம்பிகள். அதற்கும் அடியில் ஒரு சின்ன பூட்ஸ். ஒன்றே ஒன்று.

“சைக்கிள் கேரியரா பாப்பா இது?”

“கெரும்பல்” என்றேன்.

“அப்படின்னா?”

“ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு அர்த்தம். ஒத்தைச் செருப்பை யாராச்சும் வெச்சிருப்பாங்களா?”

அவருக்கும் நியாயமாகப் பட்டது. காலிப் பெட்டியைக் கண்டதும் தம்பி நகர்ந்து வந்து அதற்குள் ஏறி உட்கார்ந்து பஸ் ஓட்ட ஆரம்பித்துவிட்டான். அவனை உட்காரவைத்தபடியே அவர் பழத்தைச் செதுக்கினார். ஒரு கை நிறைய. நானும் தம்பியும் பங்கு போட்டுத் தின்றோம். விரலெல்லாம் பிசுபிசுப்பு, ஈ மொய்த்தது. கடைசித் துண்டையும் அவனுக்கே கொடுத்தேன். அப்புறம் அவர் அவனைப் பெட்டியிலிருந்து தூக்கித் தரையில் விட்டுவிட்டுப் பெட்டியையும் அடுப்புக்கு ஆகுமென்று வண்டியில் போட்டுக்கொண்டார்.

தம்பி தின்றது என்ன என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய நாலு நாள் ஆனது.

புதன்கிழமை சிஸ்டருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய அண்ணன் எழுதியது. அவர் அங்கே ஊனக் கால்களுக்குப் பூட்ஸ் தைக்கிறவர். காகிதத்தை அசைத்துக்கொண்டே சிஸ்டர் அம்மாவிடம் ஓடிவந்தார். கால் கப்பலேறி மூன்று மாதம் ஆகிறது, எந்த நிமிஷமும் வரலாம். கடிதத்தில் பட்டையை எப்படிக் கட்டுவது என்று படம்கூட இருந்தது. இரண்டு கம்பி, மூன்று பட்டை, அடியில் பூட்ஸ். கம்பியின் முனை பூட்ஸின் குதிகாலில் சொருகிக்கொள்ளும்.

அந்தப் பூட்ஸை நான் பார்த்திருந்தேன்.

அம்மா படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே விவரம் சொன்னார். முன்பு அனுப்பிய இரண்டு பெட்டிகள் வழியில் எங்கேயோ பிரிக்கப்பட்டுப் பாதி காலியாக வந்தன. அதனால் இந்தத் தடவை அண்ணனுக்கு ஒரு யோசனை எழுதினாராம். மேலே நாலு துருப்பிடித்த சாமானைப் போடு, பெட்டி மேல் பெரிசாகக் கெரும்பல் என்று எழுது, எவனும் தொட மாட்டான். ஆஸ்பத்திரியில் அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து பால் பவுடர் கொண்டுவரும் வேன் டிரைவர் கணக்குக்கு வந்தார். பெட்டியா, சனிக்கிழமையே இறக்கிட்டேனே, கொட்டகை வாசல்ல, என்றார்.

தேடினார்கள். சிஸ்டர் அம்மாவிடம் சாவி கேட்டார். அவ்வளவுதான் கேட்டார், உள்ளே இருக்கிறதா பார்க்க. ஆனால் கம்பவுண்டர் பக்கத்தில் நின்றிருந்தார். “இரும்பாச்சே. வித்தா வாங்கறதுக்கு ஆளா இல்லை” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அம்மா சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

நீங்கள் கேட்பீர்கள், அப்போதே சொல்லியிருக்கலாமே என்று. சொல்ல வாயெடுத்தேன். வாயெடுத்தபோதெல்லாம் தம்பி அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கம்பிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு அன்றைக்குப் பிரசவம் பார்த்த களைப்பு, என்னிடம் சாவி கொடுத்ததைக்கூட மறந்திருந்தாள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் மறக்கவில்லை, எழுதினதை மட்டும் போட்டியா என்று ஒரு தரம் கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் இல்லை, அதுதான் கொடுமை. பிள்ளை சொன்னால் சொன்னதுதான் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை அம்மா ஆஸ்பத்திரிப் புடவையைத் துவைத்து மடித்து மேஜை மேல் வைத்தாள்.

“நான் நின்னுக்கறேன் சிஸ்டர். எம் புள்ளை காலை நானே வித்துட்டேன்னு பேசற எடத்துல எனக்குச் சோறு எறங்காது.”

சிஸ்டர் வாயைத் திறந்தார், தமிழ் வரவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குத் தமிழ் வரவில்லை. முகம் சிவந்து, ஜெர்மனில் ஏதோ சொன்னார். அவர் அம்மா மேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் நினைத்தேன், அம்மாவும் அப்படியே நினைத்தாள். பெட்டி மேல் அந்த வார்த்தையை எழுதச் சொன்ன தன் மேலேயே அவருக்குக் கோபம் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு மேஜைக்கு இரண்டு பக்கம் நின்று, ஒருத்தரை ஒருத்தர் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரே மூச்சில் சொன்னேன். எழுதியிருந்தது, படித்தேன், போட்டேன், பழம், தம்பியும் தின்னான். கடைசி வார்த்தையை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. பழியில் அவனுக்கும் பங்கு கொடுக்கவோ என்னவோ.

அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கவில்லை. சிஸ்டர் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏறுங்க” என்றார். பதினோரு வயதுக் குற்றவாளிக்கும் ங்க.

அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டாள். நல்லம்பள்ளியில் அந்த இரும்புக்காரர் வழக்கமாகச் சரக்குப் போடும் கடை. தட்டித் தட்டி உடைத்த இரும்பு மலை. என் கண் ஒவ்வொரு கம்பியிலும் தோல் பட்டையைத் தேடியது. கடைக்காரர் தலையை ஆட்டினார். நாலு நாளாக அந்த ஆள் வரவில்லையாம். தொப்பூர் இறக்கத்தில் லோடு லாரி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, உடைந்த சாமான் சல்லிசாகக் கிடைக்குமென்று வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே போய்விட்டார். வந்தால் சம்மட்டிதான், முழுசாக எதையும் வாங்குவதில்லை என்றும் சொன்னார்.

தொப்பூர் இறக்கத்தில் சிஸ்டர் ஜீப் ஓட்டியதை எதிரே வந்த லாரி டிரைவர்கள் ரொம்ப நாள் பேசினார்களாம். அம்மா ஜெபமாலையை எடுத்தாள், ஆனால் உதடு மங்கள வார்த்தை ஜெபத்தில் பாதியிலேயே நின்று நின்று ஆரம்பித்தது. நான் சாலையோரத்தை மட்டும் பார்த்தேன். புளியமரம், லாரி, ஓட்டல், லாரி, புளியமரம். வளைவில் அந்த லாரி ஒருக்களித்துக் கிடந்தது, நாலு சக்கரம் வெயிலில் பளபளத்தன. அதைத் தாண்டி ஒரு ஓட்டல் வாசலில் தள்ளுவண்டி.

முதலில் பார்த்தவன் தம்பிதான். “என் செருப்பு” என்றான்.

வண்டியின் முன்பக்கம், கறுப்புக் கயிற்றில், அந்தச் சின்ன பூட்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. லாரிக்காரர்கள் கட்டுவார்களே, திருஷ்டிக்கு ஒத்தைச் செருப்பு. கவிழ்ந்த லாரியைப் பார்த்தவருக்குப் பயம் வந்து கட்டியிருக்கிறார். கம்பிகள் எங்கே? குனிந்து பார்த்தோம். வண்டியின் தள்ளுகட்டை முறிந்திருந்தது. முறிந்த இடத்தின் இரண்டு பக்கமும் அந்த இரண்டு கம்பிகளை வைத்து, தோல் பட்டைகளால் இறுக்கி, மேலே கட்டுக்கம்பி சுற்றியிருந்தார். ஜெர்மனியிலிருந்து வந்த படத்தில் போட்டிருந்தபடியே கட்டியிருந்தார். காலுக்குப் பதில் கட்டை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிஸ்டர் ஓட்டல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

இரும்புக்காரர் டீ கிளாஸோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது.

“தொரசாணியம்மா, பாப்பா குடுத்துச்சு, நான் பழம் குடுத்தேன். பழம் வயித்துக்குள்ள போயாச்சு. இதை அவுத்தா என் வண்டி இங்கியே படுத்துக்கும். சரக்கோட நான் எப்படிங்க வூடு போறது?”

அம்மா தம்பியை வண்டிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டாள். தம்பி தன் வழக்கப்படி கையை ஊன்றி இரண்டு எட்டு நகர்ந்துபோய், தொங்கிய பூட்ஸை எம்பித் தொடப் பார்த்தான். எட்டவில்லை. திரும்ப எம்பினான்.

இரும்புக்காரர் அந்தக் காலைப் பார்த்தார். முறிந்த கட்டையைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கட்டுக்கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழ்க்கும்போது அவனிடம் பேசிக்கொண்டே இருந்தார்.

“நல்ல காலுடா இது. நாலு நாளா அரை டன் இரும்பைத் தாங்குச்சு. உன்னைத் தாங்காதா?”

வண்டியை ஓட்டல்காரர் பொறுப்பில் நிறுத்திவிட்டு, சரக்கையும் அவரையும் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு வந்தோம். கட்டைக்குப் பதில் கொட்டகையில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சிஸ்டர் சொல்லியிருந்தார்.

எதை எடுப்பது என்று காட்ட அம்மாதான் உள்ளே போனாள். ஒரு பேசினைக்கூட விடாதவள், இரும்புக் கட்டில்களில் நல்லதாக ஒரு சட்டத்தைத் தானே தேடி இழுத்தாள். இழுத்தபோது பின்னால் ஒரு சாக்கு சரிந்தது. அதிலிருந்து வரிசையாக விழுந்தன: குடைக்கம்பி இரண்டைச் சேர்த்துப் பழந்துணி சுற்றியது ஒன்று. மூங்கில் பிளாச்சில் சைக்கிள் டியூப் கட்டியது ஒன்று. ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தில் பலகை அடித்தது ஒன்று. சின்னது, கொஞ்சம் பெரியது, இன்னும் கொஞ்சம் பெரியது. தம்பியின் இரண்டு வயதுக் கால், மூன்று வயதுக் கால், நாலு வயதுக் கால்.

ஸ்ட்ரெச்சருக்குச் சக்கரம் எங்கே போனது என்று இத்தனை வருஷம் தெரியாமல் இருந்த சிஸ்டர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“எதுவும் நிக்கலைங்க சிஸ்டர். எதுனா ஒண்ணு ஆவும் ஆவும்னு...”

சிஸ்டர் சாக்பீஸை எடுக்கவில்லை. மடித்த புடவையையும் சாவியையும் கொண்டுவந்து அம்மா கையில் வைத்தார். அம்மா முடிந்துகொண்டாள். இந்தத் தடவை முடிச்சு ஒரே இழுப்பில் விழுந்தது. நான் கஞ்சத்தனம் என்று பேர் வைத்திருந்தது எது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. அதைப் பற்றி அம்மாவிடம் நான் எப்போதும் பேசியதில்லை.

திங்கட்கிழமை தம்பி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். ஆறு படியும் ஏறினான். இடது காலில் ஜெர்மன் பூட்ஸ், வலது காலில் தர்மபுரி கடைத்தெருவில் வாங்கிய கேன்வாஸ் ஷூ. சிஸ்டர் ஒரு காலுக்குத்தான் அளவு அனுப்பினார், அவர் அண்ணன் சொன்னதை மட்டும் செய்கிற மனுஷர், ஒன்றுதான் தைத்தார். ஹெட்மாஸ்டர் ஆறாவது படியில் நின்று கை கொடுத்தார். இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை.

எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் சிஸ்டர் ஆஸ்பத்திரி முற்றத்தில் வைத்துப் பட்டைகளைக் கட்டினார். ஒரு கம்பி லேசாக வளைந்திருந்ததைச் சனிக்கிழமையே தட்டி நிமிர்த்தியிருந்தார். தம்பி எழுந்து நின்றான். அவன் நிற்கும்போது எவ்வளவு உயரம் என்று அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள், தன்னிடம் வருவான் என்று. சிஸ்டர் ஆஸ்பத்திரி வாசலைக் காட்டினார். கம்பவுண்டர்கூட வந்து நின்றார்.

தம்பி யாரிடமும் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, டக், டக் என்று, நேராகப் பின்பக்கம் போனான். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. முழங்கால் உயரப் படி. நிலையைப் பிடித்தான். நல்ல காலை முதலில் வைத்தான், ஜெர்மன் காலை இழுத்தான். உள்ளே போய்விட்டான்.

நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே பால் பவுடர் டின்கள் மொத்தமாகச் சரிந்து விழும் ஓசை, கூரை வரைக்கும் இருந்தது அத்தனையும். எலி ஒன்று வெளியே ஓடியது. சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, சரியான உச்சரிப்பில், ஊர் முழுக்கக் கேட்க அந்த வார்த்தையைக் கத்தினார்.

உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது.

“அக்கா, ஒட்டகத்துத் தலை இங்கதான் இருக்குது.”